பட்டியலில் இடம் பிடித்துத் தருவது நடிப்பே

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன், அக்கா இருவருக்கும், வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் நாடக ரசிகர்களுக்கும் வணக்கம்.

டோனி விருதின் சிறந்த நாயகிப் பட்டியலைத் தீர்மானிப்பது நடிப்பா, சூழ்நிலையா என்பது இன்றைய தலைப்பு. நடிப்பே என்று சொல்ல நான் வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய அண்ணன், இந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே கணித்துவிடலாம் என்றார். நாடகம் எந்த மாதம் மேடையேறியது, நடிகை எவ்வளவு பிரபலம், கிடைத்த வேடம் எது, இவற்றைத் தெரிந்துகொண்டால் போதும், நாடகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை என்றார். கடைசியாகச் சொன்னாரே, பார்க்கவே வேண்டியதில்லை என்று, அதை என்னால் ஏற்கவே முடியாது நடுவர் அவர்களே!

இந்த விருதைப் பின்தொடராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. நியூயார்க்கில் பிராட்வே அரங்குகள் 41. ஒவ்வொன்றிலும் குறைந்தது 500 இருக்கைகள். அங்கே மேடையேறும் நாடகங்களுக்கு 1947 முதல் டோனி வழங்கப்படுகிறது. ஆண்டனெட் பெர்ரி என்ற நடிகையின், இயக்குநரின் நினைவாக வைத்த பெயர் அது. நாயகிகளுக்கு இரண்டு விருதுகள்: பேச்சு நாடகத்துக்கு ஒன்று, இசை நாடகத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக ஐந்து பேரைப் பரிந்துரைப்பார்கள். ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ, நம் சிங்கப்பூரில் இரவு ஒன்பது மணி வாக்கில், பெயர்கள் வெளிவரும். யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சுமார் 60 பேர் கொண்ட ஒரு குழு. அந்தப் பருவத்தில் போட்டிக்குத் தகுதிபெற்ற நாடகங்களை எல்லாம் அவர்கள் அரங்குக்குப் போய்ப் பார்த்தாக வேண்டும். அண்ணன் வேண்டாம் என்ற வேலையைத்தான் அந்த 60 பேரும் ஆண்டு முழுக்கச் செய்கிறார்கள்.

மாதக் கணக்குக்கு வருகிறேன். பருவத்தின் தொடக்கத்தில் வந்து டிசம்பரிலேயே திரை விழுந்த நாடகத்தை மே மாதத்தில் யார் நினைத்திருப்பார்கள் என்று அண்ணன் கேட்டார். 2024 செப்டம்பரில் 'தி ஹில்ஸ் ஆஃப் கலிஃபோர்னியா' தொடங்கியது, டிசம்பரில் முடிந்துவிட்டது. அதில் நடித்த லாரா டானலி 2025 பட்டியலில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு 'டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்' இரண்டே மாதம்தான் ஓடியது. மார்ச் 31-இல் கதவு சாத்தப்பட்டது. கெல்லி ஓஹாராவின் பெயர் வந்தது. அதே 2024-இல் 'லெம்பிக்கா' வசூலில் தள்ளாடிக்கொண்டிருந்தது, ஏப்ரல் கடைசியில் பட்டியல் வெளியாகி, மே மாதத்திலேயே நின்றும் போனது. இருந்தும் ஈடன் எஸ்பினோசா நாயகியர் ஐவரில் ஒருவர். காலமும் கைகொடுக்கவில்லை, கல்லாவும் கைகொடுக்கவில்லை. பிறகு எதை வைத்து வந்தார்கள் இவர்கள்?

அண்ணன் வைத்த வாதங்களில் கனமானது, வேடம் பற்றியது. அதற்கு நான் மரியாதை கொடுக்கிறேன், கொஞ்ச நேரமும் கொடுக்கிறேன். 'ஜிப்சி' என்ற இசை நாடகம் 1959-இல் வந்தது. தன் மகள்களை நட்சத்திரங்களாக்கியே தீருவேன் என்று ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலையும் ரோஸ் என்ற தாயின் கதை. பிராட்வேயில் இதுவரை அந்த நாடகத்தை ஆறு முறை அரங்கேற்றியிருக்கிறார்கள். ஈத்தல் மெர்மன், ஏஞ்சலா லான்ஸ்பரி, டைன் டேலி, பெர்னடெட் பீட்டர்ஸ், பேட்டி லுபோன், ஆட்ரா மெக்டானல்ட் என அந்த ஆறிலும் ரோஸாக வந்த ஆறு பேருமே டோனி பட்டியலில் இடம்பெற்றார்கள். பார்த்தீர்களா, வேடம் கிடைத்தாலே பட்டியல் கிடைக்கிறது என்கிறது எதிரணி.

சரி, அந்த வேடம் யாருக்குக் கிடைத்தது என்று பாருங்கள். மெக்டானல்ட் ஜூலியார்ட் பள்ளியில் செவ்வியல் இசை பயின்றவர். டோனி விருதை ஆறு முறை வென்றிருக்கிறார். நடிகர்களில் வேறு எவருக்கும் அத்தனை இல்லை. பேச்சு நாடகம், இசை நாடகம், நாயகி, துணை நடிகை என நான்கு பிரிவிலும் வென்றவரும் அவர் ஒருவரே. பிராட்வேயில் ரோஸாக நடித்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவர்தான். எல்லாருக்காகவும் உழைத்தேனே, எனக்கென்று ஒரு மேடை ஏன் அமையவில்லை என்று அந்தத் தாய் கடைசியில் வெடிக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு கறுப்பினப் பெண்ணின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும்போது, அதற்குள் ஒரு நூற்றாண்டு வலியே வந்து உட்கார்ந்துவிடுகிறது. எழுதிய வரி அதேதான். அந்த வலியைச் சுமக்கத் தெரிந்த உடலும் குரலும் அவருடையவை. அதை வேடத்தின் கணக்கில் எழுதிவிட முடியுமா?

வேடம்தான் எல்லாம் என்றால் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தையும் பார்த்துவிடுவோம். 1964-இல் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் ஃபேனி பிரைஸாக நடித்தார், பரிந்துரை பெற்றார். 2022-இல் அதே நாடகம், அதே வேடம் மறுபடி பிராட்வேக்கு வந்தது. ஊரே எதிர்பார்த்தது. நாயகியின் பெயர் வரவில்லை. அந்த இளம் நடிகையைக் குறைசொல்ல நான் இங்கே நிற்கவில்லை, அந்த மேடையில் ஏறி நிற்பதே பெரிய காரியம். வேடம் ஆளைத் தூக்கி உட்கார வைத்துவிடாது என்பதற்குத்தான் சொல்கிறேன்.

புகழ் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2025-இல் இடினா மென்செல் மேடைக்குத் திரும்பியிருந்தார். சட்டன் ஃபாஸ்டரும் அதே பருவத்தில் நடித்தார். முன்னவர் டோனி வென்றவர், பின்னவர் இரு முறை வென்றவர். இருவரும் பட்டியலில் இல்லை. 'பூப்!' நாடகத்தில் முதன்முதலாகப் பிராட்வே மேடை ஏறிய ஜாஸ்மின் ஏமி ராஜர்ஸ் இருந்தார். முந்தைய ஆண்டு மலேயா ஜாய் மூனும் அப்படி முதன்முதலாகப் பிராட்வே மேடை ஏறியவர்தான். அவர் பட்டியலில் இடம்பிடித்ததோடு நிற்கவில்லை, விருதையே கொண்டுபோனார்.

சூழ்நிலைக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, மறைக்க மாட்டேன். 1985-இல் இசை நாடக நாயகி விருதே வழங்கப்படவில்லை, போட்டிக்கு ஆள் போதவில்லை. 1995-இல் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே பெயர்கள். விளம்பரப் பலகையில் நாடகத்தின் தலைப்புக்கு மேலே யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நாயகி, கீழே இருந்தால் துணைப் பாத்திரம் என்ற விதியும் உண்டு. கோரிக்கை வைத்தால் மாற்றுவார்கள். இதெல்லாம் பந்தியில் எத்தனை இலை, யார் எந்த வரிசை என்ற ஏற்பாடு. அதைத் தாண்டி எதிரணிக்கு நான் எதையும் விட்டுத்தர முடியாது.

நியூயார்க் விவகாரம் சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கும் நமக்கு எதற்கு என்று யாராவது கேட்கலாம். ஆடல் மகளிருக்குத் தலைக்கோல் பட்டம் சூட்டி மகிழ்ந்த மரபு நம்முடையது, நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? நம் தமிழ் நாடகங்கள் பெரும்பாலும் ஒரு வார இறுதியோடு முடிந்துவிடுகின்றன. அந்த இரண்டு மூன்று காட்சிகளுக்காக நம் பெண்கள் அலுவலகம் முடிந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிவரை ஒத்திகை பார்க்கிறார்கள். அவர்களிடம் போய், எல்லாம் நேரம், எல்லாம் ஆள் பழக்கம், உன் நடிப்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்கிறதா எதிரணி? என் வாய் வராது.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது லியா சலோங்காவை. இங்கிருந்து நான்கு மணி நேரத்துக்குள் பறந்துவிடக்கூடிய மணிலாவின் பெண். லண்டனில் 'மிஸ் சைகோன்' நாயகியாக நடித்துப் பேர் வாங்கிவிட்டார். ஆனால் பிராட்வேக்கு அவரை அழைத்துவர அமெரிக்க நடிகர் சங்கம் முதலில் சம்மதிக்கவில்லை, எங்கள் ஊர் நடிகைகளுக்கே முதல் உரிமை என்றது. தயாரிப்பாளர் தேடித் தேடிப் பார்த்தும் அவருக்கு ஈடாக ஒருவர் அகப்படவில்லை. அந்தப் பிணக்கைத் தீர்க்க அமர்த்திய நடுவரின் தீர்ப்பு வந்த பிறகே அவர் அந்த மேடையில் கால் வைத்தார். நாடு வேறு, சங்கம் எதிர்ப்பு, வயதோ இருபது. சூழ்நிலை முழுவதும் அவருக்கு எதிராக நின்ற 1991-இல் பரிந்துரை பெற்றார், டோனியும் வென்றார். நடிப்புக்காக டோனி வென்ற முதல் ஆசியப் பெண் அவர்.

கணிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். தாராளமாகக் கணியுங்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. டிக்கெட் வாங்கிப் பறக்க முடியாவிட்டால், பார்த்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். டோனிக்குச் சில நாள் முன்னால் விமர்சகர் வட்டங்களின் பட்டியல்கள் வெளிவரும், அவற்றை எடுத்துப் பாருங்கள். அவை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்களின் கை எழுதிய பட்டியல்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு அமர்கிறேன். 2024-இல் 'தி ரூம்மேட்' என்றொரு நாடகம். மேடையில் மொத்தமே இரண்டு பெண்கள்: மியா ஃபேரோ, பேட்டி லுபோன். ஒரே அரங்கு, ஒரே மாதம், ஒரே விளம்பரம். டிசம்பரில் இருவருக்கும் ஒன்றாகவே திரை விழுந்தது. லுபோன் மூன்று டோனி வென்ற பிராட்வே அரசி. ஃபேரோவுக்கு அதற்கு முன் ஒரு டோனி பரிந்துரைகூடக் கிடையாது. பட்டியல் வந்தபோது அதில் இருந்தது 80 வயது மியா ஃபேரோவின் பெயர் மட்டும். அக்கா, இந்த இருவரையும் பிரித்த சூழ்நிலை எது என்று இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.