சாமி வரும் பாதையில் ஒரு மதுரைப் பயணம்

(கோவையில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு ஊரின் திருவிழாக்களை வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் யாருக்கும் பயன்படாது. அதனால் மதுரையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் தல்லாகுளத்தில் வளர்ந்தவன். உங்களில் பலர் வருகிற சித்திரைக்கு அங்கே போகும் யோசனையில் இருப்பதாகவும் கேள்விப்பட்டேன்.

மதுரைக்குக் கிளம்புகிறவர் கையில் வழக்கமாக ஒரு பட்டியல் இருக்கும். மீனாட்சியம்மன் கோவில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், தெப்பக்குளம், நடுவில் ஒரு ஜிகர்தண்டா. சாதாரண நாளுக்கு அது நல்ல பட்டியல்தான். திருவிழா நாளில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. சாமி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பதை வைத்துத்தான் அன்றைக்குக் கடை அடைப்பதும், பஸ் சுற்றிப்போவதும், வீட்டில் உலை வைப்பதும் நடக்கும். நம்முடைய பயணத்தையும் அதே கணக்கில்தான் போட வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இடத்தைத் தேடிப் போகாதீர்கள், சாமி வரும் பாதையில் ஓர் இடம் பார்த்துக் காத்திருங்கள்.

அந்த ஊர் கட்டப்பட்ட விதமே அதற்குத் தோதாக இருக்கிறது. கோவில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. பழைய கோட்டைச் சுவர் வெளி வீதியை ஒட்டித்தான் நின்றது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அதை இடித்தார்கள். தெருவுக்கு மாதத்தின் பெயர் வைத்த ஊரில், எந்த மாதம் எந்தத் தெருவில் விழா என்பதைத் தனியாகப் படிக்கத் தேவையில்லை என்றுதானே தோன்றும்? ஆனால் இன்றைக்குச் சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது, திருமலை நாயக்கர்தான் அதைச் சித்திரைக்கு மாற்றினார் என்று சொல்கிறார்கள். அழகர் முன்பு சோழவந்தான் பக்கம் தேனூரில் ஆற்றில் இறங்கினார், அதையும் மதுரைக்குக் கொண்டுவந்து இரண்டு விழாவையும் அவர் அடுத்தடுத்து வைத்தார் என்பார்கள். நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மீனாட்சி கோவில் சைவம், அழகர்கோவில் வைணவம். அறுவடை முடிந்து கையில் காசும் நேரமும் இருக்கிற சித்திரையில், சுற்றுப்பட்டுக் கிராமத்து ஜனம் முழுவதும் ஒரே ஊரில் கூடியது. எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை உண்டு.

இப்போது திட்டத்துக்கு வருவோம். வெளியூர்க்காரர்கள் திணறுகிற இடம் தேதிதான். "சித்திரைத் திருவிழா மூன்று நாள், லீவு போட்டிருக்கிறேன்" என்பார்கள். இவை இரண்டு கோவில்களின் இரண்டு விழாக்கள். மீனாட்சி திருக்கல்யாணம் உத்திர நட்சத்திரத்தைப் பார்த்து வரும். மறுநாள் தேர். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வருஷத்துக்கு வருஷம் மாறும். 2022இல் ஏப்ரல் 14 கல்யாணம், 15 தேர், 16 அழகர். 2024இலும் அப்படியே 21, 22, 23. ஆனால் 2023இல் மே 2 கல்யாணம், 3 தேர், அழகர் 5ஆம் தேதிதான். 2025இல் மே 8 கல்யாணம், 9 தேர், அழகருக்கு 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்த பிறகு லீவு எழுதிக்கொடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, தங்குமிடத்தை அதற்கும் முன்பே பேசி வைத்துவிட வேண்டும்.

அடுத்து, எங்கே தங்குவது? வைகை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. மீனாட்சி தென்கரை. அழகர் வடக்கே அழகர்மலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டு வருகிறவர். ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு ஏ.வி. பாலத்தைக் கடந்து போய் வருவது சாதாரண வேலை இல்லை. 1889இல் திறந்த அந்தப் பழைய பாலத்தை ஒட்டித்தான் அழகர் இறங்குகிறார். ஆகவே கல்யாணத்துக்கும் தேருக்கும் தென்கரையில், ரயில் நிலையம் அல்லது டவுன்ஹால் ரோடு பக்கம் தங்குங்கள். அழகருக்காக ஒரு நாள் முன்பே பையைத் தூக்கிக்கொண்டு வடகரைக்கு மாறிவிடுங்கள். தல்லாகுளம், புதூர், கே.கே. நகர், எங்கே இடம் கிடைத்தாலும் சரி.

கல்யாணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணச் சீட்டும் உண்டு, இலவச அனுமதியும் உண்டு. கோவில் நிர்வாகம் அறிவிக்கும் முறைப்படி முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. உள்ளே இடம் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். மாங்கல்யம் ஏறுகிற அந்த வேளையில் தெருவிலும் வீட்டிலும் இருக்கிற சுமங்கலிப் பெண்கள் எல்லோரும் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். முடிந்ததும் சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு. சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அந்தப் பந்தியில் உட்காராமல் ஊர் திரும்பாதீர்கள்.

சரி, எனக்கு உயிரான இடத்துக்கு வருகிறேன். எதிர்சேவை.

அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் எல்லோரும் பார்க்கிறோம். தங்கக் குதிரை, பட்டு, 'கோவிந்தா' என்ற கோஷம். ஆனால் முதல் முறையாக வருகிறவர்களுக்கு நான் முந்தைய நாளைத்தான் சொல்வேன். ஆற்றில் இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, மாலையில், பதினெட்டாம்படிக் கருப்பசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு அழகர் மலையைவிட்டுக் கிளம்புகிறார். கள்ளர் கோலம், கையில் நேரிக்கம்பு. கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று இரவெல்லாம் வழிநெடுக நின்று நின்று, விடியும்போது ஊரின் வடக்கு எல்லையான மூன்றுமாவடிக்கு வருவார். மதுரை அங்கே போய் எதிர்கொண்டு அழைக்கிறது.

அங்கே நீங்கள் பார்க்கப் போவதைக் கொஞ்சம் கிட்டத்தில் சொல்கிறேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மண்டகப்படிப் பந்தல்கள், அதாவது சாமி நின்று உபசாரம் ஏற்கிற பந்தல்கள், நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு சமூகத்துக்கோ ஒரு தொழிற்கூட்டத்துக்கோ உரியது, பலவும் தலைமுறையாகத் தொடர்வது. பெண்கள் கையில் செம்பு. அதில் சர்க்கரையை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே கற்பூரம் ஏற்றி ஏந்தி நிற்பார்கள். சாமி தாண்டியதும் அந்தச் சர்க்கரை தெரியாதவர் கையிலும் விழும். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நடுவில் தலைப்பாகையும் சல்லடம் என்ற அரைக்கால் உடுப்பும் கட்டிய ஆட்கள் தோளில் தோப்பறையோடு வருவார்கள். ஆட்டுத்தோலில் தைத்த பை அது. அதன் வாயில் பொருத்திய குறுகலான குழாயை விரலால் அடைத்து வைத்திருப்பார்கள். விரலை எடுத்துப் பையை அக்குளில் வைத்து அமுக்கினால் தண்ணீர் மெல்லிய கம்பியாகப் பீய்ச்சும். வேண்டிக்கொண்டு, விரதம் இருந்து செய்கிற காரியம். சில வருஷமாகச் சிலர் மோட்டார் பம்பு வைத்து அடித்தார்கள். சாமி மேலும் சாமியைச் சுமக்கிற சீர்பாதம் தாங்கிகள் மேலும் அப்படித் தண்ணீர் அடிப்பது எனக்கு ஒப்பவே ஒப்பாது. அதற்கு இப்போது தடை வந்திருப்பது நல்ல விஷயம்.

அழகர் புதூர் தாண்டி இரவு தல்லாகுளம் பெருமாள் கோவிலுக்கு வருவார். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலை அவருக்குச் சாத்தப்படும். தங்கக் குதிரையில் ஏறுவதும் அங்கேதான். அன்றைக்கு எங்கள் தெருவில் எந்த வீடும் கதவைச் சாத்தியதில்லை. மேலூர்ப் பக்கத்துச் சொந்தம், அந்தச் சொந்தத்தின் சொந்தம், முன்பின் தெரியாத ஒருவர், எல்லோரும் திண்ணையில் படுத்திருப்பார்கள். யார் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. இரண்டு மணிக்கு அம்மா எல்லோருக்கும் காபி கொடுப்பார். இன்றைக்கு அந்தத் திண்ணைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் நீர்மோர்ப் பந்தலும் பானகமும் புளியோதரைத் தொன்னையும் அப்படியே இருக்கின்றன.

ஆற்றில் இறங்குவது விடியற்காலை ஆறு மணியை ஒட்டி. வெள்ளிக் குதிரையில் வீரராகவப் பெருமாள் ஆற்றுக்குள் நின்று வரவேற்பார். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று சனம் எட்டி எட்டிப் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் விளைச்சல் செழிக்கும் என்பது நம்பிக்கை. அழகர் இறங்குவதற்காகவே வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். இதைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2022இல் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். அதை மறந்துவிட்டுத் திட்டம் போடக் கூடாது. குழந்தைகளோடு வருகிறவர்கள் ஆற்றுப்படுகைக்குள் இறங்க வேண்டாம். அழகர் அன்றோடு திரும்பிப் போய்விடுவதில்லை. ராமராயர் மண்டபம் போய், வண்டியூர் போய், மறுநாள் வண்டியூர்ப் பக்கம் வைகையில் இருக்கிற தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் கொடுத்து, அன்றிரவு ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரக் கோலம் காட்டுகிறார். அதற்கும் அடுத்த இரவு தல்லாகுளத்தில் பூப்பல்லக்கு. ஆற்றில் இறங்கிய மதியமே பாதிக் கூட்டம் பஸ் ஏறிவிடும். நீங்கள் இருந்தீர்களென்றால் மீதி அழகர் உங்களுக்குத்தான்.

சித்திரையை விட்டால் வேறு மாதமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாள் ஜல்லிக்கட்டு. அதே தையில் பூசத்தன்று தெப்பம். எனக்குத் தெப்பம்தான் சுகமான பயணம். வெயில் இல்லை, குளக்கரைச் சுவர் நீளமானது, எல்லோருக்கும் இடம் உண்டு. பல வருஷம் குளம் வறண்டு, தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்க, கோலாகலம் மட்டும் நடந்தது. வைகைத் தண்ணீர் நிரம்பி அது மறுபடி மிதந்தபோது என்னைப் போன்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆவணியில் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழா, பிட்டுக்கு மண் சுமந்த கதையை அங்கேயே நடத்திக் காட்டுவார்கள். மார்கழி அஷ்டமி சப்பரத்தில் அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுத்துப்போவார்கள், வழியெல்லாம் அரிசி தூவிக்கொண்டு. ஒரு எச்சரிக்கை. தெப்பத்தன்றும் புட்டுத் திருவிழாவன்றும் சாமியே வெளியே போய்விடுவதால் கோவில் நடை சாத்தியிருக்கும். தரிசனம் வேண்டுமென்றால் முந்தின நாளே முடித்துவிடுங்கள்.

பேச்சு முடிந்ததும் ஓர் அம்மா எழுந்து, "என் மாமியாருக்கு முழங்கால் வலி, கூட்டத்தில் நிற்க முடியாது. அவருக்குச் சித்திரைத் திருவிழா காட்டவே முடியாதா?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தாராளமாகக் காட்டலாம், அம்மா. கல்யாணம், தேர், அழகர் மூன்றையும் விட்டுவிடுங்கள். கொடியேறிய மூன்றாம் நாளுக்கு வாருங்கள். அன்று இரவு சுவாமி கைலாச பர்வதத்திலும் அம்மன் காமதேனுவிலும் மாசி வீதிகளைச் சுற்றுவார்கள். முன்னால் கோலாட்டம் ஆடும் பிள்ளைகள், மீனாட்சி வேஷம் போட்ட குட்டிப் பெண்கள், பின்னால் ஓதுவார்கள். கோவைப் பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும், அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சாயங்காலமே மேலமாசி வீதிக்குப் போய்விடுங்கள். ஏதாவது ஒரு கடைக்காரரிடம், "பெரியவங்க, சாமி பார்க்க வந்திருக்காங்க" என்று சொல்லுங்கள். ஸ்டூலை எடுத்து வாசலில் போடுவார். சாமி உங்கள் மாமியாரின் முன்னாலேயே வந்து நிற்கும்.