கடனுக்குப் போட்ட சாமானும் கையெழுத்துள்ள பில்லும்

வணக்கம் நேயர்களே. மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று பொதி செய்து சுன்னாகம், சாவகச்சேரிப் பக்கத்துக் கடைகளுக்குக் கடனுக்குப் போடுகிறவர்கள் பலர் கணக்கைக் கொப்பியில்தான் வைத்திருக்கிறார்கள். கொப்பியில் இருப்பது உங்கள் எழுத்து மட்டும். "அந்தச் சாமான் எனக்கு வரேல்லையே" என்று கடைக்காரர் சொன்னால் காட்ட ஒன்றும் இராது.

பில் புத்தகம் அச்சடிக்கும்போது தொடரிலக்கத்துடன், ஓர் இலக்கத்துக்கு மூன்று தாள் வரும்படி கேளுங்கள். முதல் தாள் கடைக்கு. இரண்டாவது, கடைக்காரரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் உங்களிடம் திரும்பவேண்டும். மூன்றாவது புத்தகத்திலேயே கிடக்கட்டும். பலர் முதல் தாளில் கையெழுத்தை வாங்கிக் கடையிலேயே விட்டுவிட்டு, காபனில் மங்கலாய்ப் பதிந்ததைக் கொண்டு வருகிறார்கள். இரண்டாம் தாளில் பேனையால் நேரே வாங்குங்கள். பிழைத்த பில்லைக் கிழிக்கவேண்டாம்; குறுக்கே கோடிழுத்து 'இரத்து' என்று எழுதி மூன்று தாளையும் புத்தகத்திலேயே விடுங்கள். சின்ன மெஷினில் பில் அடிப்பவர்கள் அன்றே படம் எடுத்து வையுங்கள். எங்கள் வெயிலுக்கு அந்தத் தாளின் எழுத்து மெல்ல மெல்ல மறைந்துவிடும்.

பெயர், விலாசம், பொருள், நிறை, விலை எல்லோரும் எழுதுவார்கள். விடுபடுவது தவணைத் திகதி. '30 நாள் கடன்' என்றால் சாமான் இறக்கிய நாளிலிருந்தா, மாத முடிவிலிருந்தா என்று இழுபறி வரும். மார்ச் 3 இல் கொடுத்தால் 'ஏப்ரல் 2 இல் செலுத்தவேண்டியது' என்றே எழுதுங்கள். வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஆனால் அதற்குப் பதியாதவர் பில்லில் அந்த வரியைச் சேர்த்து வாங்கக்கூடாது.

இனி, காசு வருகிற கணக்கு. 450 ரூபாப்படி 40 பைக்கற், 18,000 ரூபா. நான்கு பைக்கற் ஈரம் பட்டுத் திரும்பினால் பழைய பில்லை வெட்டித் திருத்தாதீர்கள். அந்தப் பில்லின் இலக்கம் போட்டு 1,800 ரூபாவுக்குத் தனித் துண்டு எழுதுங்கள். மிச்சம் 16,200. அதில் 10,000 தந்தால் எந்தப் பில்லுக்கு என்று அங்கேயே கேட்டு எழுதவேண்டும், 6,200 நிலுவை. மொத்தக் கடனில் கழித்துக்கொண்டே போனால், ஆறு மாதத்துக்குப் பிறகு எது பழைய கடன் என்று இருவருக்கும் தெரியாது.

கம்பியூட்டரில் எக்செல் வைத்திருந்தால் பில் இலக்கம், கடை, தொகை, தவணைத் திகதி, வந்தது, நிலுவை என்று ஆறு நிரல் போதும். திகதி கலத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் பெரும்பாலும் அது வெறும் எழுத்தாய்ப் பதிந்திருக்கிறது; நாள் கணக்குப் பிழைக்கும். வாரம் ஒருமுறை தவணை தாண்டியவற்றைப் பழசு மேலே வரும்படி அடுக்கி, மேலிருந்து அழைப்பெடுங்கள்.

பின்திகதிக் காசோலை கைக்கு வந்ததும் 'செலுத்தியாயிற்று' என்று எழுதுவதுதான் அதிகம் நடக்கிற பிழை. வங்கியில் காசு விழுந்தபிறகே நிலுவையைக் கழியுங்கள். திரும்பினால் வங்கி தருகிற துண்டையும் காசோலையையும் பில்லோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

விற்றுக் கொடுத்த சாமானுக்கான கடனை, அது செலுத்தவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வழக்காக்கவேண்டும் என்கிறது 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். தவணைத் திகதி எழுதச் சொன்னது இதற்காகவுந்தான். தவணைத் திகதியிலிருந்து பத்து மாதம் தாண்டிய நிலுவை இருந்தால், கடன் உண்டு என்று கடைக்காரரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் அந்த வாரமே சட்டத்தரணியிடம் பில்லைக் கொண்டுபோங்கள்.