மாமனாருக்குத் தமிழ், மகளுக்கு ஆங்கிலம்: ஒரே மடிக்கணினி போதுமா?

அடுத்த கேள்வி சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "வீட்டில் ஒரே மடிக்கணினி, விண்டோஸ் 11. மாமனார் தறிக் கணக்கைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறார். மகள் கல்லூரிப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் பயன்படுத்துகிறாள். தமிழைச் சேர்த்தேன். திரை ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அம்மா என்று அடித்தால் என்னென்னவோ வருகிறது. திரும்ப நீக்கிவிடட்டுமா?"

நீக்க வேண்டாம் அம்மா. நீங்கள் பாதி வேலையைச் சரியாகவே முடித்துவிட்டீர்கள். திரை எந்த மொழியில் பேசுகிறது என்பது ஒன்று. விரல் எந்த மொழியில் எழுதுகிறது என்பது வேறொன்று. மாமனாருக்குத் தேவை இரண்டாவது மட்டும்தான்.

திரை மாறாததற்குக் காரணம் அநேகமாக இதுவாக இருக்கும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்று போட்டிருந்தால், அந்த உரிமத்தில் திரைமொழி ஒன்றுதான். நம் ஊர்க் கடைகளில் வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இதுதான் இருக்கிறது. ஆனால் தட்டச்சு மொழிகளை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதற்குத் தடையில்லை. வேறு பதிப்பாக இருந்தால் மாமனாருக்குத் தனிப் பயனர் கணக்கு தொடங்கி, அதில் மட்டும் திரையைத் தமிழாக்கிக்கொள்ளலாம். மகளின் கணக்கு ஆங்கிலத்திலேயே இருக்கும். என்னைக் கேட்டால் அதுகூட அவசரமில்லை. திரைத் தமிழில் வரும் சில கலைச்சொற்களைப் புரிந்துகொள்ள எனக்கே ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது எழுத்துக்கு வருவோம். உங்கள் கணினியில் இப்போது இருப்பது அநேகமாக இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் விசைகளின் அடுக்கு ஒன்றே என்று வகுக்கப்பட்டது அது. அதில் ஆங்கில ஒலியை நினைத்து amma என்று அடித்தால் 'ோஸஸோ' என்று வரும். உங்களுக்கு வந்ததும் இதுதானே? கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்', அதற்குள் 'லாங்குவேஜ் அண்ட் ரீஜன்'. தமிழுக்கு எதிரே மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அழுத்தி 'லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' போய், 'ஆட் எ கீபோர்ட்' கொடுங்கள். பட்டியலில் தமிழ் ஃபொனட்டிக், தமிழ் 99 இரண்டும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழ் வரவைப்பது ஃபொனட்டிக்; மகளுக்கு அது போதும். மாமனாருக்குத் தமிழ் 99. ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்து தமிழ் எழுதும் கட்டாயம் அவருக்கு எதற்கு?

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான விசை அடுக்கு தமிழ் 99. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். புள்ளி வைக்கும் வேலையில் பாதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பட்டு என்று எழுத ப, ட, ட, உ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ந, த என்று அடித்தால் 'ந்த' ஆகும், ம, ப என்றால் 'ம்ப'. மற்ற இடங்களில் நாமே புள்ளி வைக்க வேண்டும்: வெண்பட்டுக்கு வ, எ, ண, புள்ளி, பிறகு ப, ட, ட, உ. தறியில் கையும் காலும் தனித்தனியாக ஓடப் பழகியவருக்கு இது பெரிய வித்தையில்லை. பத்து நாள் தினம் அரை மணி நேரம் உட்காரட்டும். விசைகளில் ஒட்டும் தமிழ் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அந்த இன்ஸ்கிரிப்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாற்றும்போதெல்லாம் நடுவில் வந்து நிற்கும்.

விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே ஸ்பேஸைத் தட்டினால் மொழி மாறும். பட்டியலில் ஆங்கிலம் மேலேயே இருக்கட்டும். ஏன் என்றால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஏற்காட்டில் இருந்தபோது ஒருநாள் என் கணினி கடவுச்சொல்லை ஏற்கவே இல்லை. அடிக்கிறேன், தவறு என்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி திரையின் வலது கீழ் மூலையைத் தொட்டான். தமிழில் இருந்ததை ஆங்கிலமாக்கினான். முடிந்தது. கடவுச்சொல் கரும்புள்ளிகளாகத்தானே தெரியும், எந்த மொழியில் அடிக்கிறோம் என்று எப்படித் தெரியும்? காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான், அதுதான் கூடுதல் அவமானம்.

இன்னொன்று. மாமனாரின் பழைய கணக்குகள் எங்காவது டிடிபி கடையில் பாமினி போன்ற எழுத்துருவில் அடித்தவையாக இருந்தால், அவை ஆங்கிலக் கிறுக்கல்போலத் தெரியும். தமிழைச் சேர்த்தாலும் அது மாறாது. அவை யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு, அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியவை. அந்த எழுத்துருவை நிறுவ வேண்டும், அல்லது யூனிகோடு மாற்றியில் ஒட்டி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு எண்களை மட்டும் மாமனாரையே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். சரி, அடுத்த கேள்வி ஆத்தூரிலிருந்து.