செவலைக்குக் கிடைத்த வேலை
(மீட்கப்பட்ட நாய்களை வளர்ப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

உள்ளே நுழைந்ததிலிருந்து என்னிடம் பலரும் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க நாய் எதைக் கண்டாலும் பயப்படுது, என்ன செய்றது?" என் பதில் இது: அதற்கு ஒரு வேலை கொடுங்கள். அந்த வேலையில் நாய் முன்னே போகட்டும், நீங்கள் பின்னே போங்கள்.

2007-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரருக்குச் சொந்தமான இடத்திலிருந்து நாய்ச்சண்டைக்காக வைத்திருந்த ஏறத்தாழ ஐம்பது நாய்களை மீட்டார்கள். கடித்துக் குதறும் என்று பலரும் நினைத்த நாய்களில் பல, மனிதரைக் கண்டதும் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன. பராமரித்தவர்கள் அவற்றுக்கு 'பேன்கேக் நாய்கள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கல்லில் ஊற்றிய தோசையை நினைத்துக்கொள்ளுங்கள், அப்படிக் கிடந்திருக்கின்றன. அந்த நாய்களில் ஆடி என்ற ஒன்று பின்னாளில் அஜிலிட்டி என்ற நாய்களுக்கான தடைதாண்டும் விளையாட்டைப் பழகி, தடைகளைத் தாண்டி ஓடியது. அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் எல்லா நாயையும் முதல் நாளே அஜிலிட்டி மைதானத்துக்கு இழுத்துப் போகாதீர்கள். 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டு அது. கூட்டம், கைதட்டல், நாய் ஏறி நடக்கும்போது படாரென்று தரையைத் தட்டும் சீசா பலகை எல்லாம் அதில் உண்டு. நடுங்கும் நாய்க்கு அதுவே தண்டனையாகிவிடும்.

நான் கைகாட்டுவது நோஸ்வொர்க், மோப்ப விளையாட்டு. கலிஃபோர்னியாவில், காவல்துறை மோப்ப நாய்களின் பயிற்சிமுறை தெரிந்தவர்கள் வீட்டு நாய்களுக்காக உருவாக்கியது. காப்பகத்து நாய்களையும் மனதில் வைத்துச் செய்ததால், அதன் முக்கிய விதியே தனிமைதான்: ஒரு நேரத்தில் ஒரு நாய் மட்டுமே தேடும். வேறு நாய் கண்ணில் படாது. வெறும் அட்டைப்பெட்டிகளைப் பரப்பி, ஒன்றில் தின்பண்டம் வைப்பார்கள். கட்டளையும் கிடையாது, அதட்டலும் கிடையாது. நன்றாகப் பழகிய பிறகுதான் தின்பண்டத்துக்குப் பதிலாக, பிர்ச் என்ற மரம், சோம்பு போல மணக்கும் அனிஸ், கிராம்பு ஆகியவற்றின் எண்ணெய் வாசனைகள் வரும். எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நாய்தான் சொல்ல வேண்டும். பயந்த உயிருக்கு, 'நீ சொல், நான் கேட்கிறேன்' என்று நாம் காட்டுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஓர் ஆய்வும் உண்டு. 2019-இல் டுரான்டன், ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 20 வளர்ப்பு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு வாரம் மோப்பம் பழகியது, மற்றது எசமானருடன் ஒட்டி நடக்கப் பழகியது. இரண்டுக்கும் தின்பண்டம் கிடைத்தது. பிறகு, உணவு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்தார்கள். மோப்பம் பழகிய நாய்கள் முன்னைவிட வேகமாக அதை நோக்கிப் போயின, நடை பழகியவற்றிடம் அந்த மாற்றம் இல்லை. சிறிய ஆய்வுதான், அவை பயந்த நாய்களும் அல்ல. இருந்தாலும் 'இருக்கும், போய்ப் பார்ப்போம்' என்ற அந்த நினைப்புதானே நம் நாய்களிடம் இல்லாமல் போனது?

எங்கள் வீட்டுச் செவலை தெருவிலிருந்து வந்தவள். பல நாள் கட்டிலடியை விட்டு வெளியே வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். ஒரு பெட்டியை மூன்றடி தள்ளி வைத்துவிட்டு நான் அறையை விட்டே போய்விடுவேன். முதல் வாரம் இரவில் மட்டும் தின்றாள். தின்னாத நாளில் நான் வற்புறுத்தவில்லை. பயம் தொண்டையில் இருக்கும்போது சோறு இறங்காது. பிறகு பெட்டி இரண்டாயிற்று, ஐந்தாயிற்று, கூடத்துக்கு வந்தது.

ஒரு மாலை அவள் தேடிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் விசில் அடித்தது. காது பின்னால் மடிந்தது. கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. மூக்கு மறுபடி பெட்டிக்குள் போனது. மூன்றாவது விசிலுக்கு அவள் தலையைத் தூக்கவே இல்லை.