கரண்ட் ஓடி வந்த வழி

வணக்கம் நேயர்களே. நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த நாட்களில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மொழிபெயர்த்த வரி இன்னும் நினைவில் இருக்கிறது. ஆற்றில் இறங்கியவன் கரையேற முடியாமல் தவிக்கிறான்; அங்கே 'கரண்ட்' பலமாம். "ஆற்றில் மின்சாரம் அதிகமாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மைப் பேனாவை எடுத்தும் அடிக்க மனம் வரவில்லை. விளக்கு அணைந்தால் "கரண்ட் போயிடுச்சு" என்று கேட்டே வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல்லுக்குத் தண்ணீரோடு உறவு உண்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

லத்தீனில் 'குர்ரெரே' என்றால் ஓடுவது. 'கரண்ட்' அதிலிருந்து வந்த சொல். கைமாறி ஓடும் கரன்சி, தபாலோடு ஓடும் கூரியர், கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கர்சர், எல்லாம் அதே குடும்பம்தான்.

மின்சாரம் இதில் எப்படிச் சேர்ந்தது? 18ஆம் நூற்றாண்டில் அதைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் என்றே பலரும் எண்ணினார்கள். திரவம் என்றால் ஓடத்தானே வேண்டும்? அது மிகுந்திருந்தால் பிளஸ், குறைந்திருந்தால் மைனஸ் என்றார் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். கம்பியில் அது ஓடுவதோ எதிர்த்திசையில், மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. பாடநூலில் அம்புக்குறி இன்றும் பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத்தான் போகிறது.

இதே ஃபிராங்க்ளின் கடலின் கரண்டையும் தேடிப் போனவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போகும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட இரண்டு வாரம் தாமதமாவது ஏன் என்று 1768இல் உறவினர் திமோதி ஃபோல்ஜரிடம் கேட்டார். ஃபோல்ஜர் திமிங்கல வேட்டைக் கடலில் பழகிய மாலுமி. "கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டு வருகிறார்கள், விலகிப் போங்கள் என்றாலும் கேட்பதில்லை" என்ற பொருளில் பதில் சொன்னார். அவரையே அந்த ஓட்டத்தைக் குறிக்கச் சொல்லி, ஃபிராங்க்ளின் வரைபடமாக அச்சிட்டார்.

தமிழில் நாம் நீரோட்டம், மின்னோட்டம் என்று ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டோம். ஆனால் 'கரண்ட் அஃபேர்ஸ்' நமக்கு நடப்பு நிகழ்வுகள். வங்கியில் நடப்புக் கணக்கு. ஆங்கிலத்தில் ஓடும் காலம் தமிழில் நடக்கிறது. யோசிக்க யோசிக்க இனிக்கிறது எனக்கு.

அந்த மாணவியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "ஆறு வேகமா போனா உங்க ஊர்ல என்னம்மா சொல்வாங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, பழைய வரியை அடித்துவிட்டு, "ஆற்றில் இழுப்பு அதிகமாக இருந்தது" என்று எழுதினாள்.