‘ஸ்கின் ஒப்பீனியன்’ கேட்டு வரும் சீட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் புறநோயாளிகள் வரிசை ஓய்ந்து, தோல் மருத்துவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரம் பார்த்து ஒரு சீட்டு வரும். ‘சர்ஜிகல் வார்டு, 18ஆம் கட்டில், ஸ்கின் ஒப்பீனியன் தேவை.’ தோல் டாக்டர் வந்து பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவுதான் எழுதியிருக்கும். ‘உடம்பெல்லாம் தடிப்பு’ என்று கூடுதலாக இரண்டு சொல் இருந்தால் அது என் அதிர்ஷ்டம்.

வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்குத் தோல் டாக்டர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்த 18ஆம் கட்டிலுக்கே போவோம். தலைமாட்டில் ஒரு கொத்து வேப்பிலை. படுத்திருப்பது கல்லூரி மாணவர். குடல்வால் வெடித்து அவசரமாக ஆபரேஷன் செய்து எட்டு நாள் ஆகிறது. மார்பிலும் முதுகிலும் தொடங்கி, கை கால் வரை சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது. “அம்மை போட்டிருக்கு டாக்டர், இனி ஊசி எதுவும் வேண்டாம்” என்கிறார் அம்மா. வேப்பிலையை எடுக்கும்படி நான் சொல்வதில்லை. பார்த்தால் தட்டம்மை மாதிரிதான் இருக்கும், அவர் மேல் தப்பில்லை.

நான் முதலில் கேட்பது கேஸ் ஷீட்டை. அதில் மருந்து எழுதிய பக்கத்தைப் புரட்டி, எந்த மருந்து எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்துக்கொள்வேன். ஆன்டிபயாடிக்குகளான செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல், வலிக்கு டைக்ளோஃபெனாக், நேற்று தொடங்கிய ஒரு வைட்டமின் மாத்திரை. பயிற்சி மருத்துவர் அந்த வைட்டமினை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். நேற்று வந்தவன் மேல் பழி போடுவது மனித சுபாவம். ஆனால் முதல்முறையாக உடம்புக்குள் போன மருந்தைத் தற்காப்பு அணுக்கள் அடையாளம் கண்டு, பெருகி, எதிர்ப்பைக் காட்ட நாள் பிடிக்கும். அதனால் இந்த வகைத் தடிப்பு பொதுவாக 4 முதல் 14 நாளுக்குள்தான் கிளம்பும். சில நேரம் மருந்தை நிறுத்திய பிறகுகூட வரும். முன்பே ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போன மருந்தானால் ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். இந்தப் பையனின் கணக்குக்கு முதல் நாளே தொடங்கிய ஆன்டிபயாடிக்தான் பொருந்தியது.

அப்புறம் வாயைத் திறக்கச் சொல்வேன், கண்ணைப் பார்ப்பேன், தோலை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்பேன். ஊறல் என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. தோல் வலிக்கிறது, வாயெல்லாம் புண், கண் சிவந்து எரிகிறது என்றால் வயிற்றைக் கலக்கும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று ஒரு நோய் உண்டு. தீப்பட்டதுபோலத் தோல் கழன்று வரும். உயிருக்கே ஆபத்தாகலாம்; உடம்பில் 30 சதவீதத்துக்கு மேல் கழன்றால் ஆபத்து இன்னும் அதிகம். தலையில் அடிபட்டவர்களுக்கு வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் இதற்குப் பெயர்போன காரணங்களில் ஒன்று. நியூரோ சர்ஜரி வார்டிலிருந்து சீட்டு வந்தால் சாப்பாட்டை மூடிவிட்டு ஓடுவது அதனால்தான்.

எல்லாமே இப்படி மிரட்டாது. ரெக்சின் மெத்தையில் மல்லாந்தே கிடந்து முதுகு முழுக்க வேர்க்குரு வந்தவர்கள் ஏராளம். தடிப்பு கச்சிதமான சதுரமாக இருந்தால் பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை என்று வாசலிலிருந்தே சொல்லிவிடலாம்.

சில நேரம் ஆபரேஷனுக்கு முன்பே கூப்பிடுவார்கள். வலது விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி, பித்தப்பையாக இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் முதுகிலிருந்து வயிறு வரை, ஒரே பக்கமாக, நீர்க்கொப்புளங்கள் வரிசை கட்டும். அக்கி! கொப்புளத்துக்கு முன்னால் வலி வந்து ஊரையே ஏமாற்றும் நோய் அது. கிராமத்தில் குயவர் வீட்டில் காவி குழைத்து எழுதுவார்கள். அந்தக் காவியோடு எனக்குச் சண்டையில்லை, அதற்காகக் கழியும் நாட்களோடுதான். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸை எதிர்க்கும் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன்.

நான் மறக்காத சீட்டு ஒன்று உண்டு. படித்துக்கொண்டிருந்த காலம். ஆபரேஷன் செய்த இடத்தில் புண் ஆறாத ஒரு பெண்மணி. சீழ் என்று நினைத்துப் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார்கள், இன்னும் பெரிதானது. மறுபடி வெட்டினார்கள், மறுபடி பெரிதானது. புண்ணிலிருந்து எடுத்து லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை. மூன்றாவது முறை வெட்டுவதற்கு முன்புதான் எங்களைக் கூப்பிட்டார்கள். புண்ணின் விளிம்பு நாவல்பழ நிறத்தில், உள்ளே குடைந்து போயிருந்தது. துணி பட்டாலே அலறினார். பயோடெர்மா காங்க்ரினோசம். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதை விவரித்தபோது கிருமியால் வருவதாக நினைத்துத்தான், ‘சீழ் பிடித்து அழுகும் தோல்’ என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார்கள். உண்மையில் உடம்பின் தற்காப்பே நிலைதடுமாறித் தோலை அரிக்கிறது. கத்தி பட்ட இடமெல்லாம் புண் பரவும். தேவை, அந்தத் தற்காப்பை அடக்கும் ஸ்டீராய்டு. ஆறாத புண்ணுக்கு ஸ்டீராய்டு என்றால் எந்த சர்ஜனுக்கும் தூக்கிவாரிப் போடும், எங்கள் பேராசிரியரும் அந்த சர்ஜன்களும் வராந்தாவில் நின்று அரைமணி நேரம் வாதாடினார்கள். புண்ணின் விளிம்பில் சிறு துண்டு எடுத்து பயாப்சி பார்த்து, கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்கினோம். சில நாளில் வலி அடங்கியது. புண் மூட மாதங்கள் ஆயின.

சரி, 18ஆம் கட்டிலுக்கு வருகிறேன். ஆன்டிபயாடிக்கை மாற்றினோம். ஊறலுக்கு மாத்திரையும் களிம்பும் கொடுத்தோம். பத்து நாளில் தோல் லேசாக உரிந்து பழைய நிறத்துக்கு வந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். “சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிடறேன் டாக்டர்” என்றார். “சாமிக்கு எந்த ஊசியும் போட மாட்டாங்கம்மா, பையனோட பர்ஸ்ல வைங்க” என்று கேட்டுக்கொண்டேன்.

நன்றி, வணக்கம்.