அந்தப் பெட்ரோல் பங்க் பக்கங்களைப் படித்தீர்களா?

நடுவர் அவர்களே, வணக்கம். கடும் நோயில் விழுந்த பதின்வயதினரைப் பற்றிய நாவல்கள் இளைய வாசகருக்கு உண்மையைச் சொல்கின்றனவா, கண்ணீரை விற்கின்றனவா? உண்மையைச் சொல்கின்றன என்பது எங்கள் அணி.

"புற்றுநோயைக் காதலுக்கு அலங்காரமாக்கிவிட்டார்கள்" என்று சொல்லி எதிரணி அண்ணன் கைதட்டல் வாங்கினார். அவர் காட்டிய உதாரணம், ஜான் கிரீன் 2012இல் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்'. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அழகான பையன் அகஸ்டஸ், சாமர்த்தியமாகப் பேசும் பெண் ஹேசல், ஆம்ஸ்டர்டாம் பயணம். இனிப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணன் ஆம்ஸ்டர்டாமிலேயே புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது!

அதற்கப்புறம் ஒரு பெட்ரோல் பங்க் வருகிறது ஐயா. நோய் முற்றிய அகஸ்டஸ், ஒரு வேலையையாவது தானே செய்துவிட வேண்டும் என்று நடுராத்திரியில் சிகரெட் பாக்கெட் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். உணவு செலுத்த வயிற்றில் வைத்த குழாயைச் சுற்றிக் கிருமித் தொற்று. மேலெல்லாம் வாந்தி. ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே என்று கெஞ்சுகிறான்; ஹேசல் கூப்பிடுகிறாள். நம் சினிமாவில் என்றால் ஒரு இருமல், கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம், மேக்கப் கலையாமல் நாயகி கண்ணை மூடுவாள். கண்ணீர் வியாபாரம் அங்கே நடக்கிறது, இங்கே இல்லை.

அந்த ஹேசலுக்கு 16 வயது. தைராய்டு புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, போகுமிடமெல்லாம் ஆக்ஸிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு போகிறவள். தான் போனபின் பெற்றவர்கள் என்ன ஆவார்கள் என்பதுதான் அவளை அரிக்கிறது. இனி தான் ஒரு அம்மாவாகவே இருக்கமாட்டேன் என்று தாய் அழுததை, சாகக் கிடந்தபோது காதால் கேட்டவள். கடைசியில் அந்த அம்மா சமூகப்பணிப் படிப்பை மகளுக்குத் தெரியாமல் படித்துவந்தது வெளியே வருகிறது. மகளுக்குக் கோபமே வரவில்லை, தான் போனபின்னும் அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை இருக்கும் என்று அத்தனை சந்தோஷம்! நாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று குசுகுசுவென்று பேசுகிறோமே, உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்கு எல்லாம் கேட்கிறது.

"பிஞ்சு மனசு பயந்துவிடும்" என்றும் சொன்னார். ஜென்னி டவுன்ஹாம் 2007இல் எழுதிய 'பிஃபோர் ஐ டை'யில் டெஸ்ஸாவுக்கும் 16 வயது, ரத்தப் புற்றுநோய். சாவதற்குள் செய்ய வேண்டியவை என்று அவள் போடும் பட்டியலில் போதைப்பொருளும் உண்டு, சட்டத்தை மீறுவதும் உண்டு. நோய் வந்ததும் யாரும் தெய்வக்குழந்தை ஆகிவிடுவதில்லை என்று தெரிந்துகொள்வதில் பிஞ்சு மனசுக்கு என்ன கேடு?

மணி அடிக்கிறீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியில் அடுத்து வரும் தங்கை, அந்தப் பெட்ரோல் பங்க் பக்கங்களில் அலங்காரம் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.